தேரையும் தேயிலையும்: ஊவா மலைச்சரிவின் வரலாற்றில் ஒரு பக்கம்

இலங்கையின் மலைநாடு காடாயிருந்து கோப்பித் தோட்டமாகிப் பின்னர் தேயிலைத் தோட்டமான வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. நிலச் சட்டங்கள், மூலதனத்தின் வருகை, தென்னிந்தியத் தொழிலாளரின் பெயர்வு, ஏற்றுமதிக் கணக்குகள் என்பன அவ்வரலாற்றின் வழக்கமான தலைப்புகள். அதே வரலாற்றை அக்காட்டின் ஓடைக்கரையில் வாழ்ந்த ஒரு சிற்றுயிரை முன்வைத்து நோக்கினால் என்ன தெரியவரும் என்பதே ஈண்டு எழுப்பப்படும் வினா. அவ்வுயிர் தேரை. பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் நாம் களமாகக் கொள்கின்றோம். அக்களத்தில் இத்தேரையின் இருப்பைவிட அதன் இன்மையே கூடுதலாகப் பேசவேண்டியதாயுள்ளது.

தேரை தமிழருக்குப் புதிதன்று. தவளை, தேரை, நுணல் என வேறுபடுத்திப் பெயரிட்ட மொழி நமது. குறுந்தொகையின் 193ஆம் பாட்டிலே குறுகிய வாயையுடைய மலைச்சுனையில் இருக்கும் தேரையின் ஒலி, தினைப்புனத்திற் கிளி கடியும் தட்டைப் பறையின் ஒலிக்கு ஒப்பிடப்படுகின்றது. புலவர் தேரையை வைத்த இடம் மலையும் சுனையும் என்பது கவனித்தற்குரியது. பிற்கால வழக்கிலோ தேரையின் நிலை தாழ்ந்தது. உள்ளீடு அற்ற தேங்காயைத் தேரை மோந்தது என்றனர். மன்னனின் மண்டையோட்டினுள் இருந்த தேரையை, கிண்ணத்து நீரை அளைந்து வெளியே பாயச் செய்த மாணவனுக்குத் தேரையர் என்று பெயர் வந்த கதையும் உண்டு. நீரின் ஓசை கேட்டால் தேரை அதனை நாடும் என்ற கூரிய அவதானம் அக்கதையினுள் ஒளிந்திருக்கிறது. சித்த மருத்துவர் மரபு அதனைப் பாதுகாத்து வைத்ததற்கு நாம் நன்றி கூறலாம்.

தோட்டத்து லயங்களின் வாசலில், கற்படியின் இடுக்கிலும் கானின் ஓரத்திலும் மாலை வேளையிற் காணப்படும் தேரை எல்லோரும் அறிந்த பொதுத்தேரையே. கைப்பிடியளவு பருமன், கரிய முனைகளையுடைய கொப்புளங்கள் நிறைந்த முதுகு, கண்ணைச் சுற்றித் தலையிற் கறுத்து எழுந்த என்புவரம்பு, கண்ணின் பின்னே அவரைவிதை போற் புடைத்த நச்சுச் சுரப்பி என்பன அதன் அடையாளங்கள். தேங்கிய நீர் எங்கிருந்தாலும் நீண்ட மணிச்சரம் போல முட்டையிடும். இந்தியா தொட்டுத் தென்கிழக்காசியா வரை பரந்த இனம் அது. மனிதர் காட்டை வெட்டினால் அதற்கு நட்டமில்லை. வெட்டிய இடத்திற் குடியேறுவதில் மனிதரையும் முந்திவிடும்.

இக்கட்டுரைக்கு உரியது அதுவன்று. கெலாட்டின் தேரை எனப்படும் 'அடெனோமஸ் கெலார்ட்டி' இலங்கைக்கு மட்டுமே உரியது. ஏறக்குறைய ஒன்றரை அங்குல நீளமுடையது. பெண் சற்றுப் பெரிது. உடல் மெலிந்தது, கைகால்கள் நீண்டு ஒல்கியவை. பொதுத்தேரையின் தலையிற் காணும் என்புவரம்பு இதற்கில்லை. ஆதலின் தலை மழுமழுப்பாய்த் தோன்றும். முதுகு பெரும்பாலும் கபிலம் அல்லது செங்கபிலம். விலாப்புறத்தில் மஞ்சளோ செம்மையோ தெறித்தாற்போன்ற புள்ளிகள் காணப்படும். நிறம் எல்லாவற்றிலும் ஒருபடித்தாயிராது. ஈரமான காட்டுத்தரையின் சருகினுள் பகலைக் கழித்து, இரவில் ஓடைக்கரையிலும் தாழ்ந்த செடிகளின் இலைமீதும் அமர்ந்திருக்கும், மரப்பொந்திலும் ஏறிக்கொள்வதுண்டு. தேரை மரமேறும் என்பது பொதுத்தேரையை மட்டும் அறிந்தோருக்கு வியப்பளிக்கும். அதன் வாற்பேய்கள் வளர்வது ஓடும் நீரில். நிழலும் குளிர்ச்சியும் தெளிவும் உள்ள ஓடை இல்லையேல் இத்தேரைக்கு அடுத்த தலைமுறை இல்லை. சிங்கராஜவனம், கிதுல்கல, சிவனொளிபாதமலைச் சாரல் என இன்று இது காணப்படும் இடங்கள் பெரும்பாலும் ஈரவலயத்தின் மேற்கு, தென்மேற்குச் சரிவுகளே. காடு துண்டுபட்டுச் சுருங்கியதன் காரணமாக அழிவாபத்தை எதிர்நோக்கும் உயிரினங்களின் செம்பட்டியலிலும் இடம்பெற்றது.

இதற்குப் பெயர் கொடுத்த எட்வேட் பிரெடரிக் கெலாட் 1819இல் இலங்கையிற் பிறந்தவர். ஐரோப்பிய வழிவந்த குடும்பத்தினர். எடின்பரோவில் மருத்துவம் கற்றுப் படை மருத்துவராகி, ஜிப்ரால்ட்டரில் பணிபுரிந்தபோது அங்குள்ள தாவரங்களைப் பற்றி ஒரு நூல் செய்தார். 1849இல் தாயகம் திரும்பிய பின்னர் நுவரெலியாவிலும் திருகோணமலையிலும் பணியாற்றிய காலத்தில் முலையூட்டிகள், பறவைகள், ஊர்வன ஆகியவற்றைத் திரட்டினார். 1852இல் வெளிவந்த அவரது 'புரொட்ரோமஸ் போனே செய்லானிகே' இலங்கை விலங்குகளைப் பற்றி இலங்கையிலிருந்தே எழுதப்பட்ட முதல் முறைசார்ந்த நூல்களுள் ஒன்று. பிற்காலத்தில் மன்னார் முத்துச்சிப்பிகளை ஆராய்ந்த அவர், 1860இல் இங்கிலாந்து நோக்கிய கடற்பயணத்தின்போது கப்பலிலேயே இறந்தார். வயது நாற்பது. தேரைக்கு அவர் பெயரைச் சூட்டியவர் இலண்டனிலிருந்த அல்பேட் குந்தர். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் தவளை, தேரைகளுக்கு 1858இல் அவர் வெளியிட்ட பட்டியலிலேயே இப்பெயர் முதன்முதல் வருகின்றது. குந்தர் இலங்கைக்கு வந்தவரல்லர். சாராயத்தில் ஊறிய உடல்களை மேசைமீது வைத்து இலங்கையைக் கண்டவர்.

அக்காலத்துப் போத்தல்களின் சீட்டுகளில் இடம் என்ற பகுதியிற் பெரும்பாலும் 'சிலோன்' என்ற ஒரே சொல்தான் இருக்கும். எந்த மலை, எந்த ஓடை, எத்தனை அடி உயரம் என்ற விவரம் இல்லை. கொடுத்தவர் பெயரும் விற்றவர் பெயரும் பட்டியல்களில் ஒழுங்காக உள்ளன. சேற்றில் இறங்கிப் பிடித்தவர் பெயர் இல்லை. இது விலங்கியலாரின் சிறு குறை என்று தள்ளிவிடக் கூடியதன்று. இலங்கையில் அழிந்தொழிந்தன என்று கருதப்படும் ஈரூடகவாழிகள் இருபதுக்கு அண்மையானவை. உலகில் இவ்வாறு அறிவிக்கப்பட்டவற்றுள் ஏறக்குறையப் பாதி இச்சிறு தீவினுடையன. அவற்றுட் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போத்தல்களிலன்றி வேறெங்கும் எஞ்சவில்லை. சீட்டிலே இடம் இல்லாமையால் அவற்றுள் எவை ஊவாவினவை, எவை கண்டிச் சீமையினவை என்று பிரித்துக் காட்ட இயலாது. ஒரு மாகாணத்தின் இழப்பு முழுத்தீவின் பெயரால் எழுதப்பட்டு, அம்மாகாணத்தின் வரலாற்றிலிருந்து மறைந்துவிட்டது.

இனி நிலத்திற்கு வருவோம். ஊவாவின் நில அமைப்பு பிற மலையகப் பகுதிகளினின்றும் வேறுபட்டது. மேற்கே அப்புத்தளை தொட்டு ஓகியா, பட்டிப்பொல வரை எழும் மலைவரம்பு தென்மேற் பருவமழையைத் தடுத்துவிடுகின்றது. அதனால் ஆனி தொடக்கம் புரட்டாதி வரை வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பகுதிகளில் மழைக்குப் பதிலாகக் கச்சான் காற்று வறண்டு வீசும். ஊவாத் தேயிலையின் புகழ்பெற்ற மணம் அக்காற்றின் கொடை. மழை இங்கு ஐப்பசி முதல் தை வரையே மிகுதி. பதுளையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,800 மில்லிமீற்றர். சிவனொளிபாதமலையின் மேற்குச் சாரலில் இதனிலும் இருமடங்குக்கு மேல் பெய்யும். கிழக்கே நமுனுகுலை 2,036 மீற்றர் உயர்ந்து தனித்து நின்று தனக்கென மேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. இடையிலுள்ள வடிநிலம் பத்தனைப் புல்வெளி. பதுளு ஓயாவும் ஊமா ஓயாவும் அதனை அறுத்தோடி மகாவலியைச் சேர்கின்றன.

ஆகவே ஊவா முழுதும் அடர்காடாயிருந்தது என்றும் அதனைத் துரைமார் ஒரே வீச்சில் அழித்தனர் என்றும் எழுதுவது வரலாறாகாது. மலையகத்தைப் பற்றி மேடைகளில் இவ்வாறு பேசப்படுவதை நாம் கேட்டிருக்கின்றோம். பியர்சன் என்னும் தாவரவியலார் 1899இல் பத்தனைகளைப் பற்றி எழுதியபோதே அவற்றின் தோற்றம் இயற்கையா, சேனைத் தீயா என்ற விவாதம் இருந்தது. 1907இல் சுவிற்சர்லாந்தினரான பவுல், பிரிற்ஸ் சரசின் என்னும் உறவினர் இருவர் நில்கலைக் குகையிலும் பண்டாரவளைப் புல்வெளிகளிலும் கற்கருவிகளைக் கண்டெடுத்தனர். வரலாற்றுக்கு முற்பட்ட வேடர் நடமாடிய நிலம் அது. இதே சரசின்கள் இருபதாண்டுகளுக்கு முன்னர் இலங்கைக்கு வந்தது காலற்ற ஈரூடகவாழியொன்றின் கருவளர்ச்சியை ஆராய்வதற்காக என்பது நமது பொருளோடு தற்செயலாக ஒட்டிய செய்தி. புல்வெளியின் தொன்மை எவ்வாறாயினும், கச்சான் வறட்டும் அத்திறந்த நிலம் கெலாட்டின் தேரைக்கு என்றுமே உகந்த இடமாயிருந்திராது. அதற்குரிய நிலைமை இருந்திருக்கக் கூடிய இடங்கள், மேற்குமலை வரம்பின் காடுகளும் நமுனுகுலையின் முடிச்சாரலும் ஓடைகளை ஒட்டிய பள்ளத்தாக்குக் காட்டு நாடாக்களுமே. வினா அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்பது.

1817, 1818ஆம் ஆண்டுகளின் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கிய முறை வயலையும் குளத்தையும் கால்நடையையும் அழித்தது. மக்கள் குறைந்த அந்நிலத்திலேதான் அடுத்த தலைமுறையிற் கோப்பி வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக்கிற்று. ஏக்கர் ஐந்து சிலிங்குக்குக் காடு விற்கப்பட்ட காலம் அது. பதுளையில் அரசாங்கத்தின் தலைமை அதிகாரியாயிருந்த மேஜர் றொஜர்ஸ் அப்போது ஊவாவுக்குத் தெருக்களை வெட்டினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர்பெற்ற அவர், 1845இல் அப்புத்தளையில் இடிவீழ்ந்து மாண்டார். அதனைத் தெய்வதண்டனை என்று ஊரார் கூறியதில் வியப்பில்லை. யானையைச் சுட்டவர் கதை இன்றும் சொல்லப்படுகிறது; அவர் திறந்த தெருவழியே காட்டுக்கு நேர்ந்தது பெருங்கணக்கு.

காடு வெட்டிய முறையை அக்காலத் தோட்டக்காரர் தாமே விவரித்துள்ளனர். சரிவின் அடியிலிருந்து மேலே வரை மரங்களை அரைகுறையாக வெட்டி நிறுத்துவர். உச்சி வரிசையை மட்டும் முழுதாக வெட்டிச் சாய்க்க, அது கீழ்வரிசைமீது விழ, அது அதன் கீழ்வரிசைமீது விழ, மலையே ஒருங்கே சரியும். சிலவாரம் காயவிட்டுத் தீயிடுவர். கோடரி பிடித்த கைகளுட் சிங்களக் கிராமத்தவரின் கைகளும் இருந்தன. பின்னர் நட்டு, களையெடுத்து, கான்வெட்டிய கைகள் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து, அதன் மேலும் மலையேறி வந்த தமிழரின் கைகள். வழியில் வாந்திபேதியில் மடிந்தோரின் தொகை எந்தப் போத்தற் சீட்டிலும் இல்லாதது போலவே தோட்டப் பதிவேட்டிலும் பெரும்பாலும் இல்லை. தேரையின் வரலாற்றில் இதனைச் சேர்ப்பது பொருத்தமா எனச் சிலர் கேட்கலாம். ஓடையையும் லயத்தையும் வெவ்வேறு நூலில் எழுதும் பழக்கமே பிழை என்பது எமது கருத்து. மலையைப் பண்டமாக்கிய அதே கணக்குப் புத்தகம் இரண்டையும் ஆண்டது.

காடு போனபின் ஓடைக்கு நேர்வதை உய்த்துணரலாம். நிழல் அகல நீர் சூடேறும். களையின்றி வழித்த மேல்மண் முதல் மழையோடு ஓடைக்கு வந்து கற்களின் இடுக்கை மூடும். வாற்பேய்கள் ஒட்டி மேயும் கல் அதுவே. கோப்பிப் பழத்தின் தோலுரிக்கும் ஆலைகள் நீருக்காக ஓடைக்கரையிலேயே எழுந்தன. உரித்த தோலும் கழிநீரும் அவ்வோடையிலேயே சேர்ந்தன. பொதுத்தேரை இதனைத் தாங்கும். ஓடும் தெளிநீரை நம்பிய இனம் தாங்காது.

கோப்பியின் முடிவும் ஊவாவிலேயே தோன்றிற்று. 1869இல் மடூல்சீமைப் பகுதித் தோட்டமொன்றின் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் பொடிபோன்ற புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூங்காவின் துவைற்ஸ் மூலம் இங்கிலாந்து சென்ற அவ்விலைகளில் இருந்த பூஞ்சணத்துக்குப் பேர்க்ளி 'ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ்' என்று பெயரிட்டார். இருபதாண்டுகளுள் இலங்கைக் கோப்பி வீழ்ந்தது. அவ்விடைவெளியில் ஓடைகள் மீண்டிருக்கலாமோ எனின், இடைவெளியே இருக்கவில்லை. கோப்பி நின்ற வரிசைகளுக்கிடையே தேயிலை நடப்பட்டது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் லிப்டன் வந்து அப்புத்தளைப் பக்கத்தில் டம்பத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் புகைவண்டி வந்தது. பதுளைக்கு அது வந்து சேர 1924 ஆயிற்று. கோப்பி செழிக்காத உயரத்திலும் தேயிலை செழித்தமையால், முன்பு தப்பிய மேட்டுக்காடுகளும் கோடரிக்கு இலக்காயின.

முழுதும் போகாமற் காத்தது ஒரு கட்டளை. 1873இல் கியூ பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர், மலைமுடிக் காடுகளை வெட்டினால் மழையும் நீரூற்றும் கெடும் என எச்சரித்ததன் விளைவாக, ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள முடிக்குரிய காட்டை விற்பது நிறுத்தப்பட்டது. தேரையை எண்ணிச் செய்யப்பட்டதன்று. கீழேயுள்ள தோட்டங்களின் நீரை எண்ணிச் செய்யப்பட்டது. ஆயினும் ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் எஞ்சியமைக்கு அது ஒரு பெருங்காரணம். ஊவாவின் பக்கமோ ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட நிலம் மலைவரம்பின் விளிம்பும் நமுனுகுலையின் முடியுமாகிய ஒடுங்கிய கீற்றுகளே. கட்டளை அனைவருக்கும் ஒன்றாயினும் அதனாற் கிடைத்த காப்பு ஊவாவுக்குச் சிறிதாயிற்று.

அக்காப்பின் பெறுமதியை அண்மைக்கால நிகழ்ச்சியொன்று காட்டிற்று. குந்தர் 1872இல் விவரித்த 'அடெனோமஸ் கண்டியானஸ்' என்னும் கண்டித் தேரை, கெலாட்டின் தேரைக்கு நெருங்கிய உறவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின் எவரும் காணாமையால் 2004ஆம் ஆண்டில் அது அழிந்துபட்ட இனமென அறிவிக்கப்பட்டது. 2009இல் மென்டிஸ் விக்கிரமசிங்கவும் அவரது குழுவினரும் சிவனொளிபாதமலைக் காட்டில், விரைந்து பாயும் ஓடையொன்றில் அதனைக் கண்டனர்; 2012இல் அச்செய்தி ஆய்விதழில் வெளிவந்தது. பெயரிலே கண்டியைத் தாங்கிய தேரை கண்டி நகரைச் சூழ்ந்த தோட்டங்களில் எஞ்சவில்லை. விற்கப்படாத காட்டில் எஞ்சியிருந்தது. 1998இல் புதிதென விவரிக்கப்பட்ட மற்றோர் இனமும் இதுவும் ஒன்றே என்று பின்னர் காட்டப்பட்டது. பெயர்கள் கூடியும் குறைந்தும் வருவது விலங்கியலில் இயல்பு, ஓடை அதுவேதான்.

மலைநாட்டின் தோட்டக்காரர் யாவரும் இவ்வுயிர்கள்மீது அக்கறையற்றவர் என்றும் கூறலாகாது. புண்டலுஓயாவில் தோட்டக்காரராயிருந்து பூச்சியியலாரான ஈ. ஈ. கிறீன் என்பவரின் பெயரை மலைநாட்டுத் தவளையொன்று தாங்குகின்றது. பூலஞ்சே அதனை 1905இல் விவரித்தார். ஊவா எல்லையிலுள்ள பட்டிப்பொலப் பக்கத்துச் சதுப்புகளில் வாழும் உயிர் அது. நம்மவருள் பேராசிரியர் கீர்த்திசிங்க 1957இல் வெளியிட்ட 'இலங்கையின் ஈரூடகவாழிகள்' என்ற ஆங்கில நூல் பல தலைமுறை மாணவருக்குக் கைந்நூலாயிற்று. 1990களில் நாடளாவி நிகழ்ந்த கள ஆய்வுகள் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் இத்தீவில் இருத்தல் கூடும் என்பதைக் காட்ட, 2002இல் அச்செய்தி 'சயன்ஸ்' இதழில் வந்து உலகின் கவனத்தை ஈர்த்தது. ஊவாவின் தாழ்ந்த தென்பகுதியை அடுத்த யாலக் காட்டிலிருந்து 1966இல் விவரிக்கப்பட்ட அத்துக்கோரளையின் தேரையும் இத்தீவுக்கே உரியது. ஆனால் அது வறண்ட நிலத்துக்குப் பழகியது.

தோட்டங்களின் இன்றைய நிலையிற் காடு வெட்டுதல் முதன்மையான இடரன்று. வெட்டுதற்குக் காடு மிச்சமில்லை. கையாற் களையெடுத்த மலைகளிற் களைநாசினி தெளிக்கப்படுகின்றது. தோலினால் நீரையும் காற்றையும் உட்கொள்ளும் உயிருக்கு இது எத்தகையது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 2015இல் கிளைபோசேற்று தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டபோது எழுந்த விவாதம் முழுதும் ஏற்றுமதியையும் கூலியாள் பற்றாக்குறையையும் சிறுநீரக நோயையும் பற்றியது. கானில் இறங்கும் நீரைப் பீலியிற் பிடித்துக் குடிக்கும் லயத்து மக்களும் அவ்விவாதத்தில் அரிதாகவே பேசப்பட்டனர். கானிலுள்ள உயிர்களைப் பற்றி யார் பேசுவர்? ஊமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தினுள் 2014 தொடக்கம் நீர் கசிந்து புகுந்தபோது பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. மக்கள் தெருவில் இறங்கிய பின்னரே நாடு அதனை அறிந்தது. 2024 ஏப்ரலில் அத்திட்டம் திறந்துவைக்கப்பட்டது. வற்றிய ஊற்றுகளில் எவ்வுயிர்கள் இருந்தன என்பதற்குத் திட்டத்திற்கு முந்திய முழுமையான பதிவு இருந்திருப்பின் இழப்பைக் கணக்கிட்டிருக்கலாம். 'சிலோன்' என்று மட்டும் எழுதிய சீட்டின் குறை இங்கு வேறுருவில் மீள்கின்றது.

எஞ்சியுள்ள இடங்கள் பலவன்று. அப்புத்தளையருகே தங்கமலைச் சரணாலயம், நமுனுகுலை முடிக்காடு, இதல்கசின்னை முதல் ஓகியா வரை புகைவண்டிப் பாதைக்கு மேலே தெரியும் காடு, தோட்ட எல்லைகளுள் ஓடையின் இருமருங்கும் வெட்டாது விடப்பட்ட குறுங்காட்டுத் துண்டுகள் ஆகியனவே. இவற்றுள் இறுதியிற் கூறியவற்றை அறிந்தவர் அத்தோட்டத்து மக்களே. எந்த மலையின் எந்தக் கானிற் சித்திரை வெயிலிலும் நீர் வற்றாது, எந்த ஓடையில் இரவில் எவ்வகை ஒலி கேட்கும் என்பதனைக் கொழுந்தெடுக்கும் பெண்களும் காவற்காரரும் சொல்வர். மலைகளுக்கும் ஓடைகளுக்கும் அவர்கள் வழங்கும் தமிழ்ப் பெயர்கள் அளவைத் திணைக்களப் படங்களிற் பெரும்பாலும் இல்லை. பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005இல் நிறுவப்பட்டது. அங்கிருந்து அரைநாட் பயணத்துள் இவ்விடங்கள் அனைத்தும் அடங்கும். மார்கழி மழையில் ஓர் இரவு விளக்கோடு ஓடைக்கரையில் நடக்கும் மாணவர், தாம் காணும் உயிரின் உருவத்தோடு அத்தோட்டத்தின் பெயர், மலை இலக்கம், ஓடைக்கு ஊரார் இட்ட பெயர், உயரம், நாள், காட்டிக் கொடுத்தவரின் பெயர் ஆகியவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளல் வேண்டும்.